கடைசி இரண்டு கட்டங்கள்

எங்கள் வீட்டில் எதுவும் வெடித்ததே இல்லை. முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்த ஒருவரின் வீட்டைப் பற்றி இப்படிச் சொல்ல முடிவது பெரிய கொடுப்பினை என்று சிவகாசியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள். கொடுப்பினைதான். அதை நான் எப்படி அனுபவித்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு நன்றி கெட்டவள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அது என் காதுக்குப் பழகிவிட்டது.

அப்பா விஸ்வநத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து ரூம் போர்மேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் சலித்துக் கலக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. மற்ற அறைகளில் சாயங்காலம் வரை வேலை நடக்கும். மருந்து ரூம் வேலை மட்டும் விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். கலந்து, பிரித்துக் கொடுத்து, தரையைக் கழுவி, குளித்து, அப்பா வீடு வந்து சேரும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி மினுங்கும்.

மருந்து ரூமுக்கென்று சட்டங்கள் உண்டு. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் ஆகாது. செருப்பு, மோதிரம், இடுப்புச் சாவி எல்லாம் வெளியே. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகுமுன் அதில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், சந்தேகம் வந்தால் வேலை கிடையாது என்பது. கலவையில் லேசாகச் சூடு தட்டினாலோ, சல்லடையில் வேறு மருந்து ஒட்டியிருந்திருக்குமோ என்று மனசில் பட்டாலோ, அப்படியே போட்டுவிட்டு, கதவைத் திறந்துவைத்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட வேண்டும். தீபாவளி சீசனில் ஆர்டர் போனாலும் போகட்டும், முதலாளி கத்தினாலும் கத்தட்டும். அப்பா அப்படித்தான் நடந்தார். முதலாளி கத்தத்தான் செய்தார், ஆனால் அப்பாவை மாற்றவில்லை.

நான் விருதுநகரில் எம்.சி.ஏ. சேர்ந்த வருடம் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசுக்குப் புதிது வாங்கியதும், "புள்ள கம்ப்யூட்டர்தான படிக்குது, பழச நீங்க கொண்டு போங்க" என்று முதலாளி அப்பாவிடம் சொல்லிவிட்டார். பட்டாசு லோடு ஏற்றப் போகும் வேனில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அது வந்து இறங்கியது. தெருவே எட்டிப் பார்த்தது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அது எனக்கென்று வந்த முதல் பெரிய பொருள் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் ஓரம் மேஜை போட்டு, அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள்.

அதில் படிப்புக்கு வேண்டியது கொஞ்சம் இருந்தது. கண்ணிவெடி ஆட்டமும் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அது இருக்கும். இங்கிலீஷில் அதற்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதன் பெயர் ‘கட்டம்’. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரை நிறையச் சாம்பல் நிறக் கட்டங்கள். சிலவற்றின் அடியில் கண்ணிவெடி ஒளிந்திருக்கும். ஒரு கட்டத்தை அமுக்கினால், வெடி இருந்தால் ஆட்டம் முடிந்தது. வெடி இல்லாவிட்டால் ஒரு எண் வரும். அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எண்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, வெடி எங்கே என்று கண்டுபிடித்து, அதை மட்டும் தொடாமல் மற்றதையெல்லாம் திறக்க வேண்டும். வெடி இருக்கிறது என்று தெரிந்த கட்டத்தில் மவுசின் வலது பக்கத்தை அமுக்கிச் சிவப்புக் கொடி நடலாம். சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை அமுக்கினால் கேள்விக்குறி வரும். மேலே ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கடிகாரம் வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

நான் ஆடியது எல்லோரும் ஆடுவது மாதிரிதான். தட்டுவேன், வெடிக்கும், மறுபடி தட்டுவேன். அப்பா இரண்டு நாள் சாப்பிட்ட கையோடு என் பின்னால் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்தார். மூன்றாவது நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, அங்கன ஏன் தொட்ட? அங்கன இருக்குன்னுதான் இந்த மூணு சொல்லுதுல்ல?"

பார்த்தேன். சொன்னது சரிதான். மவுசை வாழ்க்கையில் தொட்டிராத மனிதர், கல்லூரியில் மூன்று வாத்தியார்கள் லாஜிக் சொல்லிக் கொடுத்தும் எனக்கு ஏறாததை இரண்டு நாள் நின்றபடி பார்த்தே பிடித்துவிட்டார். எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன்.

அவர் உட்கார்ந்த விதத்தை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கம்பெனியிலிருந்து ஒரு துண்டு ரப்பர் பாயைக் கொண்டுவந்து காலடியில் போட்டார். ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். அதன் பிறகுதான் மவுசைத் தொட்டார். நான் பக்கத்தில் போனால், "அந்தத் துப்பட்டா நைலானா? தள்ளி நில்லு" என்பார்.

"என்னங்க, பெட்டி வெடிச்சிரும்னு பயமா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பழக்கம்" என்றார் அப்பா.

மனசாரச் சொல்கிறேன், அப்பா மாதிரி அந்த ஆட்டத்தை ஆடிய ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. சின்னக் களத்தை ஒரு வாரத்தில் விட்டுவிட்டார். நடுக் களத்தையும் தாண்டி, தொண்ணூற்றொன்பது வெடி புதைந்த பெரிய களத்துக்கு வந்தார். என் வகுப்பில் அதை ஒருவரும் முடித்ததில்லை. அப்பா ஒரு களத்துக்கு இரண்டு மூன்று மத்தியானம் எடுத்துக்கொள்வார். கடிகாரம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை போய், அதற்குமேல் எண்ணத் தெரியாமல் நின்றுவிடும். அவர் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு மூலையில் இருக்கும் இரண்டையும் நாலு கட்டம் தள்ளி இருக்கும் ஒன்றையும் சேர்த்துவைத்து, "அப்ப இங்கன இல்ல" என்று விரலால் திரையைத் தொட்டுச் சொல்லிவிட்டு அமுக்குவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. வகுப்பில் போய்ச் சொன்னேன், எட்டாவது தாண்டாத எங்கப்பாவுக்கு இருக்கிற மூளை நம்ம டிபார்ட்மெண்டில் ஒருத்தருக்கும் இல்லை என்று.

ஆனால் பெரிய களத்தில் கடைசியில் அடிக்கடி ஒரு சிக்கல் வரும். எல்லாம் திறந்தாகிவிடும், மூலையில் இரண்டு கட்டம் மட்டும் மிஞ்சும். ஒன்றில் வெடி, ஒன்றில் இல்லை. எது என்று சொல்ல எந்த எண்ணுக்கும் வழி இருக்காது. யோசித்துக் கண்டுபிடிக்க அங்கே ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை அமுக்க வேண்டியதுதான்.

அப்பா அமுக்க மாட்டார்.

"ஏதாவது ஒண்ணத் தட்டுங்கப்பா. பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதின்னா வேலை கிடையாதுத்தா."

"இது விளையாட்டுப்பா. வெடிச்சா மறுபடி ஆடிக்கிரலாம்."

"தெரியும்" என்பார். திரையை மட்டும் அணைப்பார், கம்ப்யூட்டரை ஓடவிடுவார். எழுந்துபோய் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுவார். மறுநாள் வந்து திரையைப் போட்டுப் பார்ப்பார். அதே இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் கேள்விக்குறி போடுவார், எடுப்பார், அடுத்ததில் போடுவார். நாலு நாள், ஐந்து நாள் இப்படி ஓடும். அதுவரை கம்ப்யூட்டரை நான் தொடக்கூடாது. தெரியாமல் கைபட்டுவிடுமாம். படிப்பதற்கென்று வந்த கம்ப்யூட்டர் அது. நான் பிராஜெக்ட் வேலைக்காக விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சென்டரில் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

பிறகு ஒரு மத்தியானம் கரண்டு போகும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. களம், கொடிகள், மிச்சமிருந்த இரண்டு கட்டம் எல்லாம் போய்விடும். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து, "கரண்டு போயிருச்சா? சரி விடு" என்பார். நாலு நாள் உழைப்பு போய்விட்டதே என்று முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காப்பி கேட்பார். அவ்வளவு நிம்மதியாக அவரை வேறெந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை. அது பற்றில்லாத குணம், பெரிய மனசு என்று அப்போது எனக்குத் தோன்றியது. எனக்குத்தான் எவ்வளவு அறிவு.

இரண்டாம் வருடம் கோயில் கொடைத் திருவிழாவுக்காக எனக்கு லீவு. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஜன்னல் பக்கம் தூசி தட்டிக்கொண்டிருந்தவள் திரையைப் போட்டாள். மூலையில் இரண்டு கட்டம் இருந்தது.

"இதுக்கா நாலு நாளாப் பெட்டிய மூடி வச்சிருக்காக?"

"தொடாதம்மா."

"ஏன், தொட்டா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே, தூசித் துணி கையில் இருக்க, மவுசை நகர்த்தி அமுக்கிவிட்டாள். களம் முழுக்கக் கறுப்புக் குண்டுகள் வந்தன. மஞ்சள் மூஞ்சிக்குக் கண் செருகிப்போனது. நான் கத்திவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா? சத்தம்கூட வரல" என்று சொல்லிவிட்டு மேஜையைத் துடைக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் அப்பா வந்ததும், "கரண்டு போயிருச்சுங்க" என்றாள். அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காப்பி கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வேடிக்கை என்பதற்குமேல் அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்தது. மூன்று பேரை எடுத்தார்கள். மூன்றில் நான் ஒருத்தி. பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை, ஆமத்தூர் தாண்டி, திருத்தங்கல் தாண்டி, ஜன்னல் ஓரம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பத்து நாளில் தபால் வந்தது. வேலைக் கடிதமும், இரண்டு வருடம் விட்டுப் போக மாட்டேன் என்ற ஒப்பந்தத் தாளும் இருந்தன. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டு, வீட்டிலிருந்து பொறுப்பேற்பவர் ஒருவரும் கையெழுத்துப் போட்டு, கடிதம் கையில் கிடைத்த பதினைந்து நாளுக்குள் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாளை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை வாசித்தேன். நல்ல கேள்விகளாகக் கேட்டார். எங்கே தங்குவ? ஹாஸ்டல் யாரு நடத்துறாக? வேலை முடிஞ்சு வர எம்புட்டு நேரம் ஆகும்? கம்பெனிய மூடிட்டா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு பதிலிலிருந்து இரண்டு கேள்வி முளைத்தது. மறுநாள் கம்பெனியில் யார் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தார். யாரோ ஒருவரின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தானாம், கம்பெனியை ஒரே நாளில் பூட்டிவிட்டார்களாம், பையன் ஊருக்கே வந்துவிட்டானாம். அந்த வாரம் முழுக்க அவர் கொண்டுவந்ததெல்லாம் இந்த மாதிரிச் செய்திகள்தான். பயப்பட வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கொடி நட்டார். ஒரு இடத்தையும் திறக்கவில்லை.

"என்னப்பா சொல்றீக?"

"பாப்போம்."

அவர் வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், "வேண்டாம்னு சொல்லலைல்ல, பின்ன என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சாப்பிடாமல் கிடந்திருப்பேன். சாத்தூரிலிருந்து மாமாவை வரவழைத்துப் பேசச் சொல்லியிருப்பேன். என் வகுப்பில் இரண்டு பேர் அப்படி அழுது புரண்டுதான் மெட்ராஸ் போனார்கள். பாப்போம் என்பவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர்தான் என் பக்கமே இருக்கிறாரே. அக்கறையாக விசாரிக்கிறார், தலையைத் தடவுகிறார், "என் மகளுக்கு மெட்ராஸ்ல வேலை கிடைச்சிருக்கு" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்கிறார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

பதினோரு முறை கேட்டேன். எண்ணி வைத்திருக்கிறேன். கூரியரில் போட்டால் சென்னைக்கு மூன்று நாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். அதனால் பன்னிரண்டாம் நாள்தான் எனக்குக் கெடு. அன்று மத்தியானம் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய களம், பாதி திறந்திருந்தது.

"இன்னைக்குப் போட்டாத்தான்ப்பா போய்ச் சேரும்."

"அங்கன வை. இத முடிச்சிட்டு வாரேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அதை முடிக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தாளை மேஜையில் வைத்தேன். பேனாவை அதன்மேல் வைத்தேன். சாயங்காலம் வரை கூரியர் ஆபீஸ் திறந்திருக்கும். நான் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணிக்குத் திரையை அணைத்துவிட்டு எழுந்தார். தாளைப் பார்த்தார். ஓரம் சுருண்டிருந்ததை விரலால் நீவிவிட்டு, பறந்துவிடாமல் பேனாவைச் சரியாக நடுவில் வைத்துவிட்டு, வெளியே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காலையில் காப்பி குடிக்கும்போது அவராகவே கேட்டார்.

"அந்தத் தேதி போயிருச்சாத்தா?"

"போயிருச்சு."

"சரி விடு. இங்கனயே ஏதாவது பாப்போம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் அந்த நிம்மதி. கரண்டு போகும்போதெல்லாம் எந்த முகத்தைப் பார்த்துப் பெரிய மனசு என்று நினைத்தேனோ, அதே முகம். தப்பு நடக்கவில்லை, முடிவும் எடுக்க வேண்டியதில்லை, இனி இதில் தன் கை இல்லை என்கிற முகம். இந்த மனிதர் எப்போதும் கரண்டு போவதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவரை வெறுக்கத் தோன்றியது. வெறுத்தேன். அப்பாவை வெறுக்கிறோமே என்று அழுகையும் வந்தது.

அன்று அவர் வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஆட்டத்தை அழித்தேன். மத்தியானம் வந்து தேடியவரிடம், "கெட்டுப்போச்சு" என்றேன். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலேயே, காலடியில் ரப்பர் பாயோடு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு துளிகூட இரக்கம் வரவில்லை. வந்ததாகப் பொய் எழுத விரும்பவில்லை.

அதன் பிறகு இங்கேயே ஒரு பட்டாசு விற்பனை ஆபீசில் விலைப்பட்டியல் டைப் அடித்தேன். சங்குச் சக்கரம், தரைச் சக்கரம், புஸ்வாணம் பெரிது, புஸ்வாணம் சின்னது. எம்.சி.ஏ. படித்ததற்கு அதுதான் வேலை. ஒன்றரை வருடத்தில் சாத்தூரிலிருந்து வரன் வந்தது. கல்யாணத்தை அப்பா எப்படி முடிவு செய்தார் என்று கேட்பீர்கள். அவர் செய்யவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். அப்பா தேதிக்கு அடங்கிப்போனார். என் வீட்டுக்காரர் தங்கமானவர், தீப்பெட்டி லோடு லாரியோடு பாதி மாதம் வடக்கே இருப்பார். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

அப்பா வேலையை விட்டு நின்றபோது கம்பெனியில் பந்தல் போட்டு மாலை மரியாதை செய்தார்கள். "இவுக நின்ன ரூம்ல ஒரு பொறி பறந்ததில்ல" என்று முதலாளி மைக்கில் சொன்னார். மருந்து ரூமில் வேலை பார்த்தவர்களின் பெண்டாட்டிமார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கண் கலங்கிச் சொன்னாள், "ஒங்கப்பா இல்லன்னா எங்க வீட்டு ஆளு இன்னைக்கு இருக்க மாட்டாக தாயி." அது உண்மை. எத்தனை காலையில் அவர் கலவையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டி வந்தாரோ, அதில் எந்தக் காலையில் வெடித்திருக்கும், எதில் வெடித்திருக்காது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்ணின் கையை நானும் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். எனக்குள் இருந்ததை அந்தப் பந்தலில் சொல்ல முடியுமா? இத்தனை பேரைக் காப்பாற்றிய குணம்தான் என்னை இங்கே உட்காரவைத்தது என்று சொன்னால் காறித் துப்பமாட்டார்களா? சால்வையோடு அப்பா கும்பிட்டபடி நின்றார். நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

என் மகளுக்கு மூன்று வயது ஆனபோது எல்.கே.ஜி. சேர்க்க ஃபாரம் வாங்கினேன். வீட்டுக்காரர் லோடோடு போயிருந்தார். நான் பிள்ளையோடு சிவகாசிக்கு வந்திருந்தேன். காலை நேரம், அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அம்மா கூடத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஃபாரத்தை நிரப்பிவிட்டுக் கையெழுத்து இடத்தை மட்டும் விட்டு மடித்து வைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"கையெழுத்துப் பாக்கி. அவுக வரட்டும்."

"எப்ப வாராக?"

"அடுத்த வாரம்."

"ஃபாரம் கொடுக்க எப்பக் கடைசி?"

"வெள்ளிக்கிழமை. கேட்டுப் பாக்கணும், ரெண்டு நாள் தள்ளிக் கொடுப்பாகளான்னு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன், நீ போட்டா ஆகாதா? என்ன எழுதியிருக்குன்னு வாசி."

வாசித்தேன். தந்தை அல்லது தாய் அல்லது பாதுகாவலர் என்று அச்சடித்திருந்தது.

அம்மா முறத்தில் இருந்த கல் ஒன்றைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள். பிறகு கேட்டாள், "அன்னைக்கு மெட்ராஸ்ல இருந்து வந்த பேப்பர்லயும் இப்படித்தான போட்டிருந்துச்சு?"

ஃபாரத்தைக் கீழே வைத்தேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுன. ரெண்டு தடவ வாசிச்ச. தாய் தகப்பன்ல யாராவது ஒருத்தர்னு வாசிச்ச. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"அப்ப நீ ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" கத்திவிட்டேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை சிணுங்கியது.

அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. "ஒன் வாழ்க்க. நீ கேக்காம நானா எப்படி முந்துறது? கேப்பன்னு இருந்தேன். பன்னெண்டு நாளும் இருந்தேன். மகளிர் குழு நோட்டுல வாரா வாரம் கையெழுத்துப் போடுறேன். பேங்க்ல அம்புட்டுப் பேருக்கு முன்னால போடுறேன். ஒன் பேப்பர்ல போட மாட்டேனா? நீ பேனாவ எடுத்துக்கிட்டு என்னையத் தாண்டித் தாண்டி அவுககிட்டத்தான் போன."

முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். உளுந்து எழும்பி விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

அப்பாவிடம் பதினோரு முறை கேட்டேன் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், வகுப்புத் தோழிகளிடம் ஃபோனில் சொன்னேன், இதோ இங்கேயும் எழுதிவிட்டேன். அம்மாவிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அது எனக்கே தெரியாது. அந்தத் தாளை வாசித்து, மொழிபெயர்த்து, தாய் தகப்பனில் ஒருவர் என்று என் வாயாலேயே இரண்டு முறை சொல்லியும், தாய் என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றுகூட நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தாலாவது அவளைப் பற்றி நினைத்ததாக இருந்திருக்கும்.

"ஏம்மா, மன்னிச்சிரு" என்றேன்.

"வெள்ளிக்கிழம கடைசின்னயே, மொதல்ல கையெழுத்தப் போடு" என்றாள், உளுந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.